தொடைக்குள் ஓர் ஏரி

மலர்கொடிக்கு ஸ்கேன் என்றால் வயிறுதான். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு வேறு எது ஞாபகம் வரும்? அதனால்தான் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அஸ்ரின் என்கிற அந்தச் சின்னப் பெண், "சேலையைக் கொஞ்சம் முழங்காலுக்கு மேல ஏத்திக்கங்கம்மா, தொடையில ஒரு ஸ்கேன் பாத்துடுவோம்" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கட்டி மார்லல்ல இருக்கு பாப்பா. தொடையில என்னாத்தத் தேடப்போற?"

"கட்டியைத் தேடலம்மா. சதையைப் பாக்கப்போறேன்."

அஸ்ரின் லெப்பைக்குடிகாட்டுப் பெண். பிசியோ படித்துவிட்டு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலையில் அங்கே சேர்ந்திருந்தாள். பயிற்சி செய்கிறவர்களுக்குச் சதை கரையாமல் நிற்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் வைத்துப் பார்ப்பதும் அவள் வேலைதான். அவள் விளக்கியதன் சாரம் இவ்வளவே: மருந்து கட்டியைக் கரைக்கும், கூடவே, யாரும் கேட்காமலே, சதையையும் கரைக்கும். சதை போனால் மருந்தைத் தாங்கும் தெம்பு போகும். தெம்பு போனால் டாக்டர் மருந்தைத் தள்ளிப்போடுவார், இல்லாவிட்டால் அளவைக் குறைப்பார்.

மற்றது காதில் ஏறியதோ இல்லையோ, கடைசிப் பேச்சு மலர்கொடிக்கு நன்றாக ஏறிவிட்டது. எலுமிச்சங்காய் அளவில் இருந்த கட்டி, மருந்து ஏற ஆரம்பித்த பிறகு நெல்லிக்காயாகச் சுருங்கியிருந்தது. அது இன்னும் சுருங்கி, அறுத்து எடுத்து எறிகிற வரைக்கும் மருந்து குறையாமல் ஏற வேண்டும். சாமியிடம் அவள் கேட்டதும் அது ஒன்றைத்தான். முடி கொட்டியதைப் பற்றிக்கூட அவள் சாமியிடம் வாய் திறக்கவில்லை.

தொடையில் ஜெல்லி ஜில்லென்று விழுந்தது. அஸ்ரின் கருவியைப் பட்டும் படாமலும் வைத்தாள். அழுத்தினால் சதை ஒடுங்கித் தப்பான கணக்கு காட்டுமாம். திரையில் முதலில் ஒரே மங்கல். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. மேலே வெளுத்த கோடுகள், தோலும் கொழுப்பும். அதற்குக் கீழே கருகருவென்று அகலமாக ஒரு பரப்பு, அதற்குள் மெல்லிய இழைகள். எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை வெளேரென்று வளைந்து கிடந்தது எலும்பு.

"இந்தக் கருப்பா இருக்குல்ல, அதாம்மா சதை. மேலேருந்து எலும்பு வரைக்கும் எவ்வளவு ஆழம்னு அளக்கணும்."

மலர்கொடி தலையை உயர்த்திப் பார்த்தாள். அவளுக்கு அது தன் ஊர் ஏரியான பொன்னேரியாகத் தெரிந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி அவளுடைய ஊர். ஏரிப் பக்கம் கொஞ்சம் நெல்லும், மேட்டில் முந்திரித் தோப்பும் அவர்களுக்கு உண்டு. கார்த்திகையில் மழை பிடித்து ஏரி நிறைந்தால், விடியற்காலையில் தண்ணீர் இப்படித்தான் கருத்து, அசையாமல், மேலே லேசாக இழை ஓடிக் கிடக்கும்.

"என் தொடைக்குள்ள தண்ணி கெடக்கு பாப்பா" என்றாள்.

"கெடக்கட்டும். வத்தாமப் பாத்துக்கங்க" என்றாள் அஸ்ரின்.

வற்றாமல் பார்த்துக்கொள்ள அவள் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். நீளமான பை, இரண்டு பக்கமும் நாடா. அதில் மணலைப் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, காலை மெதுவாக நீட்டி, சற்று நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு கால் முடிந்தால் மறு கால். பழகப் பழக இன்னும் கொஞ்சம் மணல். கூடவே முட்டை, சுண்டல், உளுந்தங்களி.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அவள் புருஷன் ராசாங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மணல் என்றதும் தலை நின்றுவிட்டது. அரியலூர் தாண்டி, சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசிக்குள் பஸ் போய்க்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.

"ஒடம்புக்கு முடியாதவ மேல மண்ணை வச்சுக் கட்டுறதா? மண்ணு எப்பப் போடுவாங்கன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?"

மலர்கொடிக்கும் அது சுருக்கென்றது. மனுஷர்மேல் மண் விழுவது ஒரே ஒரு தடவைதான், அதற்கு அவசரமில்லை. ஆகவே புருஷனும் பெண்டாட்டியுமாக பஸ்ஸிலேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள். முந்திரி பொறுக்கும் காலம். முற்றத்தில் கொட்டை மலையாகக் குவிந்து கிடக்கிறது. மண்ணுக்குப் பதில் அதைப் போட்டால் ஆகாதா? தங்கள் தோப்பில் விளைந்தது, சுபமான பொருள், கனத்துக்கும் கனம். இதைக் கண்டுபிடித்ததில் ராசாங்கத்துக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஜெயங்கொண்டத்தில் இறங்கி டீ வாங்கிக் கொடுக்கும்போதுகூட அதையே சொன்னார். பையை நிரப்புவதும் கட்டுவதும் இனி தன் பொறுப்பு, அவள் குனியவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

முதல் நாள் பை கட்டிய காலைத் தூக்கியபோது மலர்கொடிக்கு உயிர் போய் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு மருந்து ஏற்றும் நாள் வந்தது. ஏற்றிக்கொண்டு வந்தாள், அதோடு பகலும் இரவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன.

மருந்து ஏறிய பிறகு வருவதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. முந்திரி மர நிழலில் கயிற்றுக் கட்டிலில் அவள் படுத்திருப்பாள். பழுத்த பழத்தின் வாசம் காற்றில் புளித்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் தொடைக்குள் இறங்கிவிடுவாள். அங்கே தண்ணீர் இடுப்பளவு நிற்கும், கருப்பாக, ஜெல்லி போலக் குளிர்ந்து. தூரத்தில் வெள்ளையாக வளைந்து ஓடும் கரை. காலடியில், அரியலூர்ச் சுண்ணாம்புக் குழிகளில் கிடைக்குமே, எந்தக் காலத்திலோ செத்து இறுகிப்போன சுருண்ட கல் நத்தைகள், அவை வழவழவென்று தட்டுப்படும். அவள் கரையைப் பார்த்து நடப்பாள். கரை அங்கேயே இருக்கும். அவசரம் ஒன்றுமில்லை. அந்த ஏரியில் யாருக்கும் நோய் இல்லை.

சில பகல்களில் அந்தக் கனவுக்குள் ஓர் அணில் வரும். சாம்பல் நிற அணில், ஆள் உயரத்துக்கு. நாற்காலிக்குப் பக்கத்தில் கிடக்கும் பையின் வாயை அவிழ்த்து, கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டு, பதிலுக்குச் சருகை வைத்துத் திணிக்கும். சருகு சரசரக்கும். அவள் அதைத் துரத்த நினைப்பாள்; ஆனால் தண்ணீருக்குள் நிற்கிறவள் எப்படி எழுந்து ஓடுவது?

"கனவுல அணில் வந்து நம்ம பையில கொட்டை திருடுதுங்க" என்று ஒருநாள் ராசாங்கத்திடம் சொன்னாள்.

"அணிலுன்னா திருடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஆனால் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. கால் லேசாகிக்கொண்டே வந்தது. போன வாரம் பல்லைக் கடித்துத் தூக்கியதை இந்த வாரம் பேசிக்கொண்டே தூக்கினாள். பை என்னவோ அதே புடைப்போடுதான் இருந்தது. கால் மட்டும் பஞ்சாகி, தானே மிதந்து மேலே போனது. ராசாங்கம் பையைக் கட்டுவார், அவள் தூக்குவாள், அவர் முகம் மலர்ந்துபோகும். சந்தைக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் காலை நீட்டிக் காட்டினாள். இந்த முறை அஸ்ரின் அளந்தால் ஏரி கரை புரண்டிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாள்.

அஸ்ரின் கருவியை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். தொடையில் அளக்கும் இடத்துக்குப் பேனாவால் போட்ட குறியைச் சரிபார்த்து, மூன்றாம் முறையும் வைத்தாள். மலர்கொடி தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். அளவு படிக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் கோடையில் ஏரியைப் பார்த்தவள். தண்ணீர் இறங்கியிருந்தது. வெள்ளைக் கரை கிட்டே வந்திருந்தது. தண்ணீரின் கருப்புக்கூட வெளுத்து, கலங்கிச் சேறாகக் கிடந்தது.

"கொறைஞ்சிருக்கும்மா" என்றாள் அஸ்ரின். "எக்சர்சைஸ் விடாம பண்றீங்களா?"

"ஒரு நாள் விடல பாப்பா. காலு பஞ்சாட்டம் தூக்குதே."

"பஞ்சாட்டம் தூக்கக் கூடாதே. கஷ்டப்பட்டுத்தான் தூக்கணும். லேசாத் தெரிஞ்சா கனத்தைக் கூட்டணும்னு சொன்னேன்ல?" கதவைத் திறந்து வெளியே கேட்டாள்: "சார், பையில எடையைக் கூட்டிக்கிட்டே வர்றீங்களா?"

"எல்லாம் பண்றோம்மா" என்றார் ராசாங்கம், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தபடி.

டாக்டர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. உடல் எடையும் இறங்கியிருக்கிறது, ரத்தமும் குறைவு, சதையும் போகிறது. இந்த முறை மருந்து வேண்டாம், கொஞ்ச நாள் தள்ளி வாருங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் அளவைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும் என்றார். குறைத்தால் கட்டி கேட்குமா என்று மலர்கொடி கேட்டாள். பார்ப்போம் என்றார் அவர்.

பார்ப்போம் என்ற வார்த்தையோடு அவள் ஊர் வந்து சேர்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. இத்தனை நாள் உடம்பு தன்னோடு சேர்ந்து உழைத்தது என்று நம்பியிருந்தாள். இப்போது கால் தன்னிடம் பொய் சொல்லிவிட்டதாகத் தோன்றியது. லேசாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அது உள்ளுக்குள் வற்றியிருக்கிறது. சொந்தக் காலே ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவது?

மருந்து ஏறாததில் ஒன்று நடந்தது. நாளாக ஆகத் தலைக்குள் இருந்த புகை கலைந்தது. கட்டிலில் படுத்தால் ஏரி வரவில்லை. முந்திரி இலைகள் இலைகளாகவே இருந்தன, வெயில் வெயிலாக இருந்தது. அப்படி ஒரு நடுப்பகலில், கண்ணை மூடி, ஆனால் தூங்காமல் அவள் கிடந்தபோது சருகு சரசரத்தது.

கண்ணை லேசாகத் திறந்தாள். ராசாங்கம் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பையின் வாயை அவிழ்த்து, கையை விட்டு, சத்தம் வராமல் ஒரு கை கொட்டையை அள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு உலர்ந்த இலைகளைக் கசக்கி உள்ளே திணித்து, வெளியே தட்டிப் பார்த்து, பை புடைப்பாக இருக்கிறதா என்று தள்ளி நின்று ரசித்தார்.

மலர்கொடி எழுந்து உட்கார்ந்தாள்.

"எடுத்ததைத் திரும்பப் போடுங்க" என்றாள்.

அவர் திடுக்கிட்டதில் மடி நழுவிக் கொட்டைகள் உருண்டன. "தூங்கலியா நீ?"

"மருந்து ஏறுனாத்தானே தூக்கம் வரும். எத்தன நாளா நடக்குது இது?"

அவர் கீழே சிதறியதைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்தும் நிமிரவில்லை. "மொதல்லேருந்தேதான்" என்றார். "நீ காலைத் தூக்கையில ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு, கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு... நின்னு பாக்க முடியல மலரு. ஒரு கை எடுத்தா சுளுவா இருக்குமேன்னு எடுத்தேன். மறுநாளு நீ சிரிச்சுக்கிட்டே தூக்குன. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு எப்புடி நிறுத்துவேன், சொல்லு."

அவளுக்கு அவர்மேல் பிரியமும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வந்து சேர்ந்தது.

"டாக்டரு மருந்தை நிறுத்துனாரே, அப்பவாச்சும் விட்டிருக்கலாம்ல?"

"அதுக்கப்புறந்தான் இன்னும் பயமாயிடுச்சு. ஏற்கெனவே சதை போன காலு. அதுல பாரத்தைக் கட்டுனா மிச்சமும் போயிடுமேன்னு நெனச்சேன்."

மலர்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் வேறு எந்தத் தப்பைச் செய்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பிரியத்தில் செய்துவிட்டு வந்து நிற்கிறார், இதை என்ன செய்வது?

"ஏங்க" என்றாள். "செத்துப்போனவளத்தான் லேசாத் தூக்கிட்டுப் போகணும். என்னை இப்பவே லேசாக்கிட்டா எப்புடி? நான் கனக்கணும். எனக்கும் கனக்கணும், ஒங்களுக்கும் கனக்கணும். கனத்தாத்தான் நான் இருக்கேன்னு அர்த்தம்."

ராசாங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது முடியட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. பையை எடுத்து உதறினாள். கொஞ்சம் கொட்டையும் குவியலாகச் சருகும் விழுந்தன. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து செம்மண்ணைக் கொத்தினாள். கொத்துவதற்கே மூச்சு வாங்கியது.

"மண்ணு வேணாம் மலரு" என்றார் அவர், துண்டை எடுக்காமலே.

"கொட்டைன்னா ஒங்க கை சும்மா இருக்காது. இந்த மண்ணுல ஒக்காந்துதானே இத்தன வருசம் கொட்டை பொறுக்குனேன். அது என்னைய ஒண்ணும் செய்யாது. வந்து கட்டி வுடுங்க."

அவர் வந்து கட்டினார். அவள் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. மறுபடியும் முயன்றாள், பாதி வந்து, நடுங்கி, விழுந்தது. இதுதான் நிஜமான கனம். இத்தனை நாள் அவள் சருகைத் தூக்கிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். உதட்டைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் முகம் கோணியது.

"பாக்க முடியலன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அவர் திரும்பவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி நின்று, கடைசி வரைக்கும் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படியே நின்றார். முட்டையை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக அவித்தார். அதை அவள் தடுக்கவில்லை.

மறுபடி பெரம்பலூர் போனபோது, ஸ்கேன் அறைக்குள் அவரையும் கூட்டி வரச் சொன்னாள் மலர்கொடி. அஸ்ரினிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எங்க அத்தா துபாய்லேருந்து லீவுல வந்தா எங்கம்மாவை ஒரு கொடம் தண்ணி தூக்க வுட மாட்டாங்க. போனதும் அம்மாவுக்கு இடுப்பு வலிதான்" என்றாள். ராசாங்கத்துக்கு அது ஆறுதலாக இருந்ததா இன்னும் வெட்கமாக இருந்ததா தெரியவில்லை, தரையைப் பார்த்தார்.

ஜெல்லி ஜில்லென்று விழுந்தது. மலர்கொடி திரையைப் பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தொடையின் மேல் கருவி மெல்ல நகர்வது தெரிந்தது. நின்றது. நகர்ந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு மார்புக்குள் இருந்த கட்டி தெரிந்தது, கல் நத்தை மாதிரி சுருண்டு, காதைத் தீட்டிக்கொண்டு அதுவும் காத்திருப்பது போல.

"கூடலம்மா" என்றாள் அஸ்ரின். "கொறையவும் இல்ல. அப்புடியே நின்னுடுச்சு. எறங்கிக்கிட்டிருந்தது நின்னதே பெரிசு. இனிமேதான் கூடும்."

கண்ணைத் திறந்தாள். தண்ணீர் அந்தக் குறைந்த மட்டத்திலேயே, ஆனால் அசையாமல் நின்றது. ராசாங்கம் திரைக்கு வெகு கிட்டே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா நீ?" என்று கேட்டார்.

"நாந்தான்."

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், ரத்தச் சீட்டைப் பார்த்தார், அவளை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தார். முழு அளவே ஏற்றலாம் என்றார். மத்தியானம் மருந்து பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தபோது மலர்கொடி அதைக் கும்பிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரி பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் பஸ் கிடைத்தது. அரியலூரைத் தாண்டும்போது சுண்ணாம்புத் தூசி படிந்த மரங்கள் மஞ்சள் வெயிலில் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போயின. அவளுக்குத் தலைக்குள் புகை இறங்கத் தொடங்கியது. மரங்கள் கரைந்தன, பஸ்ஸின் இரைச்சல் தூரமாகி, தண்ணீர்ச் சத்தமாக மாறியது. குளிர்ந்த கருப்புத் தண்ணீர் பாதத்தைத் தொட்டது, கணுக்காலைத் தொட்டது. அதற்குள் இறங்குவதற்கு முன், அவள் தலையை ராசாங்கத்தின் தோளில் சாய்த்தாள். பிறகு தோளை, பிறகு முதுகை, பிறகு தன் பாரம் மொத்தத்தையும் அவர்மேல் போட்டாள்.

"கனக்குதா?" என்று கேட்டாள்.

வழக்கமாக அவர் சொல்லக்கூடிய பதில் அவளுக்குத் தெரியும்.

"கனக்குது" என்றார்.

ஜெயங்கொண்டம் வரும் வரைக்கும் அவர் தோளை மாற்றவில்லை.